கண்டதையெல்லாம் காட்ட வேண்டுமா? காருக்குள் ஒரு திரையும் ஓட்டுநரின் கண்ணும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கை அகலம் உள்ள ஒரு படத்தைப் பற்றி. புதிதாக வரும் கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலோ டேஷ்போர்டின் நடுவிலோ ஒரு திரை இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் நம் காரின் சிறு உருவம் தெரியும். அதைச் சுற்றி, கேமராவும் ரேடாரும் கண்டுபிடித்த மற்ற உருவங்கள். முன்னால் போகும் கார், பக்கத்தில் வரும் லாரி, குறுக்கே நடப்பவர், சாலைப் பணிக்காக வைத்த கூம்பு, சிக்னல் விளக்கு என்று, தான் கண்டதை வண்டி உடனுக்குடன் வரைந்து காட்டிக்கொண்டே வருகிறது. இந்தப் படம் ஓட்டுபவருக்கு உதவுகிறதா, அவர் கண்ணைச் சாலையிலிருந்து பிடுங்குகிறதா? இதுதான் கேள்வி.

இந்தப் பாதையில் அதிக தூரம் போன நிறுவனம் டெஸ்லா. 2015 அக்டோபரில் ஆட்டோபைலட் வசதி வந்தபோது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் அருகே போகும் வண்டிகளும் தடக்கோடுகளும் தெரிந்தன. பிறகு பின்னால் வருபவை, நடந்து போகும் மனிதர்கள், கூம்புகள், சிக்னல்கள் என்று படம் நிறைந்துகொண்டே போனது. 2017இல் வந்த மாடல் 3 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் திரையே கிடையாது. வேகத்தைக்கூட நடுவில் இருக்கும் 15 அங்குலத் திரையில்தான் பார்க்க வேண்டும். வேகம் எவ்வளவு என்று பார்க்கப் போன கண், பக்கத்திலேயே அசைந்துகொண்டிருக்கும் அந்தப் படத்தைத் தொடாமல் திரும்புவது கடினம்.

இந்தியாவில் 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் ஆகிய கார்கள் வந்தபின், ஓட்டுநருக்கு உதவும் இத்தகைய அமைப்புகளைக் குறிக்கும் ‘அடாஸ்’ என்ற சொல் ஷோரூம்களில் புழங்கத் தொடங்கியது. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் அது வந்துவிட்டது. விற்பனையாளர் திரையைக் காட்டி, “பாருங்க சார், முன்னாடி போற வண்டிய கார் தானாவே பார்த்துக்குது” என்கிறார். வாங்குபவரின் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி எதன் மேல் நிற்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரின் கண் எட்டாத இடத்தைக் காட்டும் திரை உதவுகிறது. இப்போது பிரேக் யார் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லும் அடையாளமும் உதவுகிறது. முன்கண்ணாடி வழியே அவர் நேரில் பார்க்கக்கூடியதையே சிறிதாக்கி மறுபடி வரைந்து காட்டும் படம் அவரிடமிருந்து எடுக்கிறதே தவிர எதையும் கொடுப்பதில்லை. கவனம் சிதறுவதையும் விடப் பெரிய கேடு ஒன்றும் அதில் இருக்கிறது. அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

முதலில் கண். நம் பார்வையில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான் ஏறத்தாழ நம் கூர்பார்வையின் அளவு. மீதிப் பரப்பில் எழுத்தைப் படிக்க முடியாது, முகத்தை அடையாளம் காண முடியாது. ஆனால் அசைவு மட்டும் அங்கே சட்டென்று உறைக்கும். ஓரக்கண்ணில் ஒன்று அசைந்தால் கண் தானாக அங்கே ஓடும். நல்ல ஓட்டுநர், கவனமில்லாத ஓட்டுநர் என்ற வேறுபாடு இதில் இல்லை. உடலின் அமைப்பு அப்படி. திரையில் வரையப்படும் வண்டிகளோ சும்மா இருப்பதில்லை. சிக்னலில் அசையாமல் நிற்கும் வண்டியின் இடத்தைக்கூடக் கணினி ஒவ்வொரு கணமும் புதிதாகக் கணிக்கிறது. கணிப்பு சிறிது மாறினால் திரையில் அந்த வண்டி நடுங்கும், துள்ளும், சில நேரம் மறைந்து மறுபடி தோன்றும். சாலையில் ஒன்றுமே நடக்காதபோது திரையில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சாலை தொலைவில் இருக்கிறது, திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து கிட்டத்துக்கும், மறுபடி தூரத்துக்கும் விழிவில்லை தன் வளைவை மாற்றிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற அந்த வில்லை இறுகிவிடுகிறது. சாளேசுரம் வந்தவர் தூரப்பார்வைக் கண்ணாடியோடு ஓட்டும்போது திரையில் இருப்பது பைக்கா சைக்கிளா என்று தெரிவதற்குள் இளைஞரைவிடக் கூடுதல் நேரம் போய்விடும். சொந்தமாகக் கார் வாங்கும் வசதி பலருக்கு வரும் வயதும் அதுதான் என்பதை வடிவமைப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கண் எவ்வளவு நேரம் சாலையை விட்டு விலகலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் நூறு கார்களில் கேமரா பொருத்தி, மக்கள் அன்றாடம் ஓட்டுவதை ஓராண்டுக்கும் மேல் பதிவு செய்தார்கள். 2006இல் வெளியான அந்த அலசலின்படி, மொத்தம் 2 நொடிக்கு மேல் கண் விலகினால் விபத்தோ மயிரிழைத் தப்பலோ நேரும் வாய்ப்பு குறைந்தது இரு மடங்காகிறது. அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, ஒருமுறை திரையைப் பார்ப்பது 2 நொடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடியைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 33 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் 55 மீட்டருக்கு மேல்.

இந்த நெறிகளை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பொருளுக்கு அவை போதவில்லை. பாட்டு மாற்றுவது, முகவரி தட்டுவது போன்ற, தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. வண்டிகளை வரைந்து காட்டும் படத்துக்கு முடிவே கிடையாது. அதில் அழுத்த ஒன்றுமில்லை, முடிக்க ஒன்றுமில்லை. பயணம் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பார்வையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடலாம்; எத்தனை பார்வை என்பதற்கு மட்டும் வரம்பே இல்லை. 12 நொடிக் கணக்கில் அதை எந்த இடத்தில் வைப்பது?

நான் சொன்ன பெரிய கேட்டுக்கு இப்போது வருகிறேன். அமைப்பு கண்டதைத் திரை காட்டுகிறது. அமைப்பு காணத் தவறியதைத் திரை எப்படிக் காட்டும்? அதற்கு வழியே இல்லை. ஆகவே தவறவிடப்பட்ட ஆள் நிற்கும் இடம் திரையில் வெற்றுச் சாலையாகத் தெரிகிறது. உண்மையிலேயே காலியாக இருக்கும் சாலையும் அதே மாதிரிதான் தெரிகிறது. சுற்றியுள்ள பத்து வண்டிகளை அவ்வளவு அழகாக வரைந்த கணினி பதினோராவதை விட்டிருக்கும் என்று நினைக்க மனம் ஒப்பாது. படம் எவ்வளவுக்கு நிறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் மேல் நம்பிக்கை வரும். தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சாலையையும் திரையையும் மாறி மாறி ஒப்பிடுவது. அதைச் செய்யும் ஓட்டுநர் வண்டியை ஓட்டவில்லை, விடைத்தாள் திருத்துகிறார்.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2019இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் இ-கிளாஸ் காரில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து சாலையும் திரையும் தெரியும்படி எடுத்த காணொளிகளை 80 பேருக்குக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் திரையில் வரும் சின்னங்களின் பொருளை முன்கூட்டியே விளக்கியிருந்தார்கள். பல விஷயங்கள் புரிந்தன. ஆனால் முன்னால் போகும் வண்டி உணர்கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்ததால் அமைப்பு அதை இன்னும் காணவில்லை என்ற நிலை வந்தபோது, பெரும்பாலோருக்கு என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. தட்டுப்படாததைத் தட்டுப்படவில்லை என்று உணர்வது கடினமாக இருந்தது. பாதுகாப்புக்கு வேண்டியதோ துல்லியமாக அந்த ஒன்றுதான்.

2016 மே 7 அன்று புளோரிடா மாநிலம் வில்லிஸ்டன் அருகே ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எஸ் ஒன்று, குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரிக்கு அடியில் புகுந்தது. ஓட்டியவர் இறந்தார். வெளிச்சமான வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கத்தை ஆட்டோபைலட்டும் கவனிக்கவில்லை, ஓட்டுநரும் கவனிக்கவில்லை, பிரேக் போடப்படவில்லை என்று அந்நிறுவனம் அப்போது அறிவித்தது. அந்தக் கடைசி நொடிகளில் திரையை ஒருவர் எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. கண்ணாடிக்கு வெளியேதான் அந்த லாரி இருந்தது.

இரண்டாவது நிகழ்வு இன்னும் ஆழமாகப் பேச வேண்டியது. 2018 மார்ச் 18, ஞாயிறு இரவு பத்து மணி அளவில், அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் தானோட்டியாக மாற்றியமைத்திருந்த வால்வோ எக்ஸ்சி90 கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மேல் மோதியது. அவர் இறந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரிந்தது இது: மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே அமைப்பு அவரைக் கண்டுவிட்டது. நூறு மீட்டருக்கு மேல் தூரம் இருந்தது. ஆனால் அவரை ஒரு கணம் வண்டி என்றும், மறு கணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றும், பிறகு சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம், அவர் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார் என்ற பழைய பதிவை விட்டுவிட்டு முதலிலிருந்து கணக்கிட்டது. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதற்கே அந்த நிரலில் இடம் வைக்கப்படவில்லை. ஆபத்து என்று முடிவானபின்னும், பொய் எச்சரிக்கையால் வண்டி வீணாக பிரேக் அடிக்கக் கூடாது என்பதற்காக ஒரு நொடி காத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். வால்வோ காரில் பிறப்பிலேயே இருந்த அவசர பிரேக்கும், ஊபரின் அமைப்பு ஓட்டும்போது செயல்படாமல் வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் காரில் மேற்பார்வைக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணையில், அமைப்பின் திரையைக் கண்காணித்துக்கொண்டிருந்ததாக முதலில் சொன்னார். அவர் கைபேசியில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்ததும், பயணத்தில் பல முறை கீழே பார்த்ததும் பின்னர் உறுதியாயிற்று. அது அவர் பிழைதான். ஆனால் வாரியத்தின் முதற்கட்ட அறிக்கையில் இருக்கும் ஒரு செய்தியைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். டேஷ்போர்டின் நடுவில் உள்ள திரையில் வரும் செய்திகளைக் கவனித்து, முக்கியமானவற்றைக் குறித்து வைப்பதும் அந்த மேற்பார்வையாளரின் வேலையாக இருந்தது. முன்பு இந்த வேலையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அதை ஒருவராகக் குறைத்திருந்தது. சாலையைப் பார், திரையையும் பார் என்பது அதிகாரபூர்வமான பணிப்பொறுப்பாகவே இருந்தது. ஆகவே “திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்ற விளக்கம் அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. காரில் நடுவே ஒரு படத்தை ஓடவிட்டு, ஓட்டுநரை நோக்கி அதைத் திருப்பி வைக்கும் ஒவ்வொரு வடிவமைப்பும் இதே இரட்டைப் பொறுப்பைச் சொல்லாமல் சொல்கிறது என்பது என் கருத்து.

கண்காணிப்பு வேலை மனிதருக்கு ஒத்துவராது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை முன் உட்கார்ந்த பிரிட்டிஷ் விமானப் படையினர் நேரம் ஆக ஆக அடையாளங்களைத் தவறவிட்டதைப் பார்த்து, உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஒரு சோதனை செய்தார். ஒரு முள் சீராக நகரும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடிப்பு சரியத் தொடங்கியது. 1948இல் அதை வெளியிட்டார். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் எழுதிய கட்டுரை இன்றும் பொறியியல் மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. எளிய வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரம் தோற்கும் கடின கணத்தை மட்டும் மனிதருக்கு ஒதுக்குகிறோம், அந்தக் கணத்துக்கு வேண்டிய பழக்கத்தையும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம் என்று அவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார்.

இவ்வளவு சொன்னதால், திரையே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிவர்ஸ் கேமராவைப் பாருங்கள். பின்பக்கம் விளையாடும் குழந்தையை எந்தக் கண்ணாடியிலும் பார்க்க முடியாது. 2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். அங்கே திரைக்கும் கண்ணுக்கும் போட்டி இல்லை. இண்டிகேட்டர் போட்டவுடன் அந்தப் பக்கத்துக் காட்சியை மீட்டர் இருக்கும் இடத்தில் காட்டும் வசதி இப்போது இந்தியாவில் விற்கும் ஹூண்டாய், கியா கார்கள் சிலவற்றில் இருக்கிறது. தேவைப்படும்போது வருகிறது, முடிந்ததும் போய்விடுகிறது. பக்கக் கண்ணாடியிலேயே சிறு விளக்கு எரியும் ஏற்பாடு அதைவிட எளிது; திரும்பும் முன் கண் எப்படியும் போகும் இடத்திலேயே எச்சரிக்கை காத்திருக்கிறது.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர் இருந்தார். லாரியில் கிளீனர். சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று வண்டியின் உடம்பில் தட்டி, “வரலாம், வரலாம், போதும்” என்பார். இடப்பக்கம் சைக்கிள் வந்தால் சத்தம் போடுவார். முன்னால் நேராகத் தெரியும் பேருந்தைக் காட்டி “அதோ ஒரு பஸ்” என்று அவர் சொன்னதே இல்லை. அது டிரைவருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். டிரைவருக்கு எது தெரியாது என்பதைப் பற்றிய அறிவுதான் கிளீனரின் திறமை. கார் கணினிக்கு நாம் இன்னும் கற்றுக்கொடுக்காத திறமை அது.

இரவுப் பார்வைக் கருவிகளின் வரலாறு இந்தப் பாடத்தைப் படிப்படியாகக் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டு காடிலாக் டிவில் காரில் அகச்சிவப்புக் கேமராவின் காட்சி முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் விழுந்தது. இருட்டில் நடப்பவர் வெப்பத்தால் வெள்ளையாகத் தெரிவார். ஆனால் அந்தக் காட்சியில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியது ஓட்டுநர்தான். சில ஆண்டுகளில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. 2004இல் ஹோண்டா தன் லெஜண்ட் காரில் ஒரு படி மேலே போனது. எது மனித உருவம் என்று கணினியே கண்டு, அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, ஒலியும் எழுப்பியது. தேடும் வேலை குறைந்தது. ஆனாலும் கண் படத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். அடுத்த பத்தாண்டில் பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. கேமரா ஆளைக் கண்டதும் ஹெட்லைட்டின் ஒரு கற்றை சாலையோரத்தில் நிற்கும் அவர் மேலேயே விழும். ஓட்டுநர் திரையைத் தேட வேண்டாம், சின்னத்தின் பொருளை நினைவுபடுத்த வேண்டாம். நடப்பவருக்கும் தன்னை ஒரு வண்டி பார்த்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. கணினி கண்டது, சாலையிலேயே காட்டப்படுகிறது.

“அப்படியானால் எல்லாப் படத்தையும் முன்கண்ணாடியிலேயே போட்டுவிடலாமே” என்று மாணவர்கள் கேட்பார்கள். முன்கண்ணாடியில் படம் காட்டும் ஹெட்-அப் டிஸ்பிளே போர் விமானங்களிலிருந்து வந்தது. 1988இலேயே ஓல்ட்ஸ்மொபைல் காரில் எட்டிப் பார்த்தது. இப்போது பத்து மீட்டர் முன்னால் சாலை மேலேயே அம்புக்குறி மிதப்பதுபோல் காட்டும் கார்களும் வந்துவிட்டன. கண் கீழே இறங்க வேண்டியதில்லை என்பது உண்மையான நன்மைதான். ஆனால் கண் இருக்கும் இடமும் கவனம் இருக்கும் இடமும் ஒன்றல்ல. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் அனுபவமுள்ள விமானிகளைச் செயற்கை விமானி அறையில் வைத்துச் செய்த ஆய்வு 1980இல் வெளியானது. தரையிறங்கும் நேரத்தில் ஓடுதளத்தில் இன்னொரு விமானம் குறுக்கே நிற்கும்படி காட்டினார்கள். கண்ணுக்கு நேரே மிதந்த எண்களையும் கோடுகளையும் பின்பற்றி இறங்கிய விமானிகளில் சிலர் அந்த விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அந்த எண்கள், கோடுகளின் வழியாகத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விமானம் அவர்கள் பார்வைக்கு நடுவில் இருந்தது. கண்ணாடியில் படம் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பவர்கள் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதைச் சொன்னால் ஓட்டுநருக்குப் பயன் என்பதற்கும் நல்ல ஆய்வுகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட சோதனையில், வண்டி தானாக பிரேக் போடும்போது ஓட்டுநருக்கு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். “வண்டி பிரேக் போடுகிறது” என்று செயலை மட்டும் சொன்னபோது ஓட்டுதல் மோசமாயிற்று. “முன்னால் தடை இருக்கிறது” என்று காரணத்தைச் சொன்னபோது மேம்பட்டது. மக்கள் அதையே விரும்பினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது மிகப் பாதுகாப்பாக ஓட்டினார்கள், ஆனால் எரிச்சலும் கூடியது. பொருள்களை வரைந்து காட்டும் நம் படம் இந்த மூன்றில் எதிலும் சேராது. செயலையும் சொல்லாது, காரணத்தையும் சொல்லாது. இருபது உருவங்களைக் காட்டும். எந்த உருவத்துக்காக வண்டி வேகம் குறைத்தது என்பதை நாமே ஊகிக்க வேண்டும்.

சுவீடனில் 2013இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. அமைப்பு தன் திறமை இந்த நேரத்தில் எவ்வளவு உறுதியானது என்பதைத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. பனி கூடக் கூட உறுதி குறைவதை ஓட்டுநர் பார்த்தார். அப்படிப் பார்த்தவர்கள், தேவைப்பட்டபோது மற்றவர்களைவிட வேகமாக ஸ்டீயரிங்கைக் கையில் எடுத்தார்கள். அமைப்பின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையும் குறைவாக இருந்தது. அதே ஆட்கள்தான் மற்ற நேரத்தில் சாலையை விட்டு அதிகம் வேறு பக்கம் பார்த்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டால், ‘நான் கண்டது இவை’ என்ற பட்டியலைவிட ‘எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை’ என்ற ஒற்றை அறிவிப்பு பல மடங்கு மதிப்புள்ளது. விற்பனைக்கு அது உதவாது என்பதால்தான் ஷோரூமில் அதைக் காட்டுவதில்லை.

கிரூஸ் கண்ட்ரோலில் போகும்போது முன்னால் உள்ள வண்டியை அமைப்பு பிடித்துக்கொண்டதா என்று காட்டும் ஒரே ஒரு சின்னம் அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்வண்டி தடம் மாறிப் போனதும் நம் வண்டி ஏன் திடீரென வேகமெடுக்கிறது என்பது அதனால்தான் புரிகிறது. ஜெருசலேமில் 1999இல் தொடங்கிய மொபைல்ஐ நிறுவனம் பழைய வண்டிகளில் பொருத்த ஒரு கருவி விற்றது. அதன் வட்டத் திரையில் முன்வண்டியின் உருவம் ஒன்றும், அதற்கும் நமக்கும் எத்தனை நொடி இடைவெளி என்ற எண்ணும் வரும். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் நெருங்கிவிட்டோம். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி வரிசைக் கார்களில் முன்கண்ணாடியின் அடியில் நீளமான ஒளிப்பட்டை வைத்தது. அதன் அசைவு ஓரக்கண்ணுக்கே எட்டும். குறைவாகச் சொல்வது பழைய தொழில்நுட்பத்தின் இயலாமை என்று இளம் பொறியாளர்கள் நினைக்கிறார்கள். எதை விடலாம் என்று முடிவு செய்வதற்குத்தான் அதிக உழைப்பு தேவை.

ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கதை வேறு. 2020 அக்டோபர் முதல் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரே இல்லாத வேமோ கார்களில் பொதுமக்கள் போய்வருகிறார்கள். அதில் பயணிக்கு முன்னால் உள்ள திரை சுற்றியுள்ள வண்டிகளையும் மனிதர்களையும் காட்டுகிறது. வண்டி ஏன் நின்றது என்று அவருக்குத் தெரிந்தால் பதற்றம் அடங்குகிறது. அவர் அதை ரசித்துப் பார்க்கலாம், தவறு இல்லை. சாலை அவர் பொறுப்பில் இல்லை. டெஸ்லாவின் படமும் உண்மையில் இந்தப் பயணிக்காகப் பிறந்த படம். முழுத் தானோட்டி வரும் என்ற எதிர்பார்ப்பில் அது முன்கூட்டியே ஓட்டுநரின் முன் வைக்கப்பட்டுவிட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் மென்பொருள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநர் கவனமாக இருப்பதை உறுதி செய்யும் ஏற்பாடு போதவில்லை என்பது குறை. திரையில் வரும் எச்சரிக்கைகளை இன்னும் எடுப்பாகக் காட்டுவது அந்தத் திருத்தங்களில் ஒன்று. படம் ஓடும் திரையிலேயே, சாலையைப் பாருங்கள் என்ற சொற்களைப் பெரிதாக்க வேண்டி வந்தது.

நம் சாலைகளுக்கு வருவோம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. கார் திரையின் மொழியில் சொன்னால், மிகச் சிறியதாக, மிக விரைவாக இடம் மாறுவதாக, அடையாளம் காண மிகக் கடினமானதாக இருக்கும் உருவங்கள்தான் நம் நாட்டில் அதிகம் இறப்பவர்கள். மாலை ஆறரை மணிக்குக் கோயம்பேட்டில் நிற்கும் ஒரு காரைச் சுற்றி எத்தனை பைக்குகள், எத்தனை ஆட்டோக்கள், இடையில் புகுந்து கடக்கும் எத்தனை பேர்! அத்தனையையும் வரைந்தால் திரையில் ஒன்றும் புரியாது. சிலவற்றை மட்டும் வரைந்தால், விட்டுப்போனவர்கள் யார் என்ற கேள்வி வரும். தடக்கோடு அழிந்துபோன சாலையில் எந்த வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று கணினி எதை வைத்து வரையும்?

ஜெர்மனியின் ஆட்டோபானில் உருவான திரையை அப்படியே எடுத்துவந்து ஜிஎஸ்டி சாலையில் ஓட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இங்கே முதல் தேவை, வண்டி ஓடும்போது அந்தப் படத்தை அடக்கி வைக்கும் வசதி. கையால் ஓட்டும்போது அது எழவே கூடாது. கிரூஸ் கண்ட்ரோலில் முன்வண்டிச் சின்னம் ஒன்று போதும். பக்கத்தில், பின்னால், இருட்டில் ஒருவர் வந்தால் அந்தத் திசையில் ஒளி வரட்டும், ஒலி வரட்டும். முழுப் படத்தையும் வண்டி நிற்கும்போது, கற்றுக்கொள்ள, ஆசை தீரப் பார்க்கட்டும்.

பாரத் என்கேப் மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. வண்டி மோதினால் உள்ளே இருப்பவர் எப்படித் தப்புவார் என்பதற்கு அது நட்சத்திரம் தருகிறது, நல்ல தொடக்கம். திரையை ஓட்டுநர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதற்கு நட்சத்திரம் இல்லை. ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் கார் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமே இருக்கிறது. இந்த அரங்கில் இயந்திரவியல், கணினியியல், உளவியல் மூன்று துறை மாணவர்களும் இருக்கிறீர்கள். கால் டாக்ஸி ஓட்டுபவர்கள், புதிதாகக் கார் வாங்கியவர்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று ஓர் எண்பது பேரைக் கூப்பிடுங்கள். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் ஒரு காரில் சாலையும் திரையும் சேர்ந்து தெரியும்படி பகலிலும் இரவிலும் மழையிலும் படம் எடுங்கள். திரை ஒரு பைக்கைத் தவறவிட்ட இடத்தில் காணொளியை நிறுத்தி, “இப்போது வண்டி யாரைப் பார்க்கவில்லை?” என்று கேளுங்கள். எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள், சொல்ல எத்தனை நொடி எடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். இரண்டு கேமராவும் ஒரு பருவத்து உழைப்பும் போதும். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வினாத்தாளை இன்று மாலையே சேர்ந்து எழுதத் தொடங்கலாம்.